ஆணி மட்டும் மிச்சமிருக்கும் சுவர்: பழைய பழக்கங்களை விடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒரு நாள் இடம் மாற்றினேன். பழைய இடத்தில் வெயில் பட்டுக் கண்ணாடி மின்னியது, மணி தெரியவில்லை. ஏணி போட்டு ஏறியதும் நான்தான், எதிர்ச்சுவரில் புது ஆணி அடித்ததும் நான்தான். ஆனாலும் அடுத்த பல வாரங்கள், மணி பார்க்கத் தலை திரும்பியது பழைய சுவர்ப் பக்கம். அங்கே ஆணி மட்டும் இருந்தது. அதைப் பார்த்து 'அட' என்று சொல்லிவிட்டு அப்புறம் மறுபக்கம் திரும்புவேன். ஒரு கடிகாரத்துக்கே இந்தப் பாடு என்றால் இருபது வருடப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழக்கம், மாற்றம் பற்றி மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் நானே என்னைக் கேட்டுக்கொண்டவையும் கீழே இருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தில் நிறைய வாசித்தவன், அதைவிட நிறையச் சறுக்கியவன்.

பழக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தினமும் செய்வதெல்லாம் பழக்கமா?

இல்லை. யோசிக்காமலேயே கை செய்து முடித்துவிடுகிற வேலைதான் பழக்கம். வரவு செலவுக் கணக்கை எத்தனை வருடம் பார்த்தாலும் அது பழக்கமாகாது, ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து தலையைக் கொடுக்க வேண்டும். வீட்டைப் பூட்டுவது பழக்கம். அதனால்தான் பாதி வழியில் 'பூட்டினோமா இல்லையா' என்ற சந்தேகம் வருகிறது. பூட்டியது கை. மனது அந்த நேரம் வேறெங்கோ இருந்தது.

ஒரே இடத்தில், ஒரே மாதிரி நேரத்தில் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி அந்தச் செயல் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற ஆய்வாளரின் குழு, இரண்டாகப் பிரியும் பாதையில் எலிகளை ஓடவிட்டு இதைக் கவனித்தது. புதிதாக ஓடும்போது வழிநெடுக எலியின் மூளை பரபரப்பாக இருந்தது. ஓடி ஓடிப் பழகிய பிறகு, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அந்தப் பகுதி துடித்தது. நடுவில் ஏறக்குறைய அமைதி. மூட்டைக்கு இரண்டு முனையிலும் முடிச்சு விழுந்துவிட்டது.

இது குறையே இல்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் களைத்துப்போவோம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் வெண்டி வுட் குழுவினர், மாணவர்களை மணிக்கு ஒரு தடவை 'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதச் சொன்னார்கள். அவர்கள் எழுதியதில் ஏறத்தாழ 43 சதவீதம் இப்படிப் பழக்கத்தில் நடந்த வேலைகள்தான். செந்தமிழும் நாப்பழக்கம், சித்திரமும் கைப்பழக்கம் என்பதும் இதே சங்கதிதான். கெட்ட பழக்கத்தைக் கட்டிய அதே கைதான் சித்திரத்தையும் கட்டுகிறது.

கெடுதல் என்று தெரிகிறது, விடவும் ஆசைதான். அப்படியும் ஏன் முடிவதில்லை?

காலுக்குப் பழகிய செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், வார் இழுத்துக்கொண்டு வரும், மழையில் வழுக்கும். ஆனால் கடிக்காது. புதுச் செருப்பு நல்ல செருப்பாகவே இருந்தாலும் கடிக்கும். கடிக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு நாலு நாள் நடப்பவர் எத்தனை பேர்? வாசல்வரை போய்த் திரும்பி வந்து பழசையே மாட்டிக்கொள்கிறோம்.

இதற்கு அடியில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. கையில் இருப்பதை இழப்பது, அதே அளவு புதிதாகப் பெறுவதைவிட நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பேர்போனது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, குவளை உள்ளவரிடம் 'என்ன விலைக்கு விற்பீர்கள்', இல்லாதவரிடம் 'என்ன விலைக்கு வாங்குவீர்கள்' என்று கேட்டார்கள். விற்பவர் கேட்டது, வாங்குபவர் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே இப்படி.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதைத்தான் பெரும்பாலும் பார்க்கத் தவறுகிறோம். அந்தப் பழக்கம் உங்களுக்காக ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வேலையைத் தள்ளிப்போடுகிறவருக்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது சுலபம். ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் 'நான் செய்தது சரியில்லை' என்று கேட்கிற அந்தச் சங்கடம் அவருக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. அந்த வேலைக்கு வேறு ஆள் வைக்காமல் பழக்கத்தை மட்டும் துரத்தினால் அது பின்வாசல் வழியாக வந்துவிடும்.

21 நாள் செய்தால் புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய மூன்று வாரமாவது ஆகிறது என்று கவனித்து, 1960இல் எழுதிய ஒரு புத்தகத்தில் அதைக் குறிப்பிட்டார். அவர் சொன்னது 'குறைந்தது'. வாய்வழியே பரவும்போது அந்த 'குறைந்தது' உதிர்ந்துபோனது. முகத்துக்குப் பழகுவது அதிகாலை ஓட்டத்துக்குப் பழகுவதாகவும் ஆகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை முறையாக அளந்தார்கள். 96 பேர், 12 வாரம். ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்து, அது எவ்வளவு தானாக நடக்கிறது என்று பதிந்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவுப்படி நடுமதிப்பு 66 நாள். ஆனால் எனக்கு அந்த 66ஐவிட இரண்டு ஓரங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய வேலை சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது. ஆகவே 22ஆம் நாள் காலையில் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். திட்ட வேண்டியது அந்த எண்ணை.

எனக்கு மன உறுதியே கிடையாது. என்னால் முடியுமா?

முடியும். மன உறுதியை நம்பாதவருக்குத்தான் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிகிறது என்பது என் கட்சி.

வெளியிலிருந்து பார்த்தால் கட்டுப்பாடாக வாழ்கிறவர், ஆசை வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவர் போலத் தெரியும். ஆய்வுகளில் தெரிவது வேறு. அவர்கள் சபலத்தோடு மல்லுக்கட்டுவதே குறைவு. சபலம் வருகிற இடத்துக்குப் போகாத மாதிரி நாளை அமைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நாம் சண்டையில் தோற்பவர்கள். அவர்கள் பெரும்பாலும் சண்டைக்கே போவதில்லை.

இடத்துக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதற்கு வியட்நாம் போர்க்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. அங்கே இருந்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று 1971இல் அரசே பதறியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். அப்படி அடிமையாகியிருந்தவர்களில், முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். போதைப்பொருளை விடுவது சுலபம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. போர் இல்லை, அந்தச் சகாக்கள் இல்லை, அந்தக் கூடாரமும் அந்த மாலைப்பொழுதும் இல்லை, பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பழக்கத்தின் வேர் பாதி அந்த இடத்து மண்ணிலேயே தங்கிவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது?

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் வேடிக்கை பார்ப்பதில் தொடங்குங்கள். என் கதையையே சொல்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் கைபேசியை எடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கண் முழுதாகத் திறப்பதற்குள் கட்டைவிரல் திரையைத் தள்ளத் தொடங்கியிருக்கும். எழும்போது நாற்பது நிமிடம் போயிருக்கும், யார் யாரிடமோ கோபமும் வந்திருக்கும். 'இனிமேல் எடுக்க மாட்டேன்' என்று எத்தனையோ இரவு சபதம் போட்டிருக்கிறேன். சபதம் போட்டது இரவில் இருந்த ஆள். காலையில் எழுந்தவன் வேறு ஆள், அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஒரு வாரம் தலையணைக்கு அடியில் ஒரு தாளும் பென்சிலும் வைத்து, எடுத்தவுடன் 'எதற்கு எடுத்தேன்' என்று மட்டும் எழுதினேன். ஏழு நாளும் ஒரே பதில்: அலாரத்தை நிறுத்த. அசடு வழிந்தது. பழக்கத்துக்குத் தினமும் காலை ஆறு மணிக்கு நானே கதவைத் திறந்துவிட்டு, அது உள்ளே வருகிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். சாவி கொடுக்கிற ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வாங்கினேன். கைபேசி சார்ஜர் பக்கத்து அறைக்குப் போனது.

முதல் மூன்று நாள் கை தலையணைப் பக்கம் துழாவியது. நான்காம் நாள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கைபேசியை எடுத்தும் விட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? நாற்பது நிமிடம் பத்து நிமிடமானது. மாதம் திரும்புவதற்குள், பல் தேய்த்த பிறகுதான் அந்தப் பக்கமே போகிறேன் என்று தெரிந்தது. இதில் மன உறுதி என்று எதுவும் செலவாகவில்லை. ஒரு சார்ஜர் இடம் மாறியது.

கவனித்த பிறகு, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவத்தில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த வகைத் திட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 'இனி நிறைய நடப்பேன்' என்று தீர்மானிக்கிறவரைவிட, 'மாலையில் வேலைப் பையை வைத்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பி நடப்பேன்' என்று எழுதிவைக்கிறவர் அதிகம் நடக்கிறார். எப்போது, எங்கே என்று அந்த வரியில் இருக்க வேண்டும். 'முடிந்தபோது' என்று எழுதினால் அது முடிந்த மாதிரிதான்.

பழையதை அடியோடு விட வேண்டுமா, அதன் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டுமா?

வைப்பதுதான் நல்லது. வெறுமனே 'செய்யக்கூடாது, செய்யக்கூடாது' என்று சொல்லிக்கொண்டிருப்பதன் பலனை 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு மணியை வைத்துக் காட்டிவிட்டார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கதையின் மீதிதான் இன்னும் மோசம். அதற்கப்புறம் 'இப்போது நினைக்கலாம்' என்று விட்டபோது, முதலிலிருந்தே தாராளமாக நினைத்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. வெக்னருக்கு அது தெரிந்திருந்தால் கரடியைத் தேடியிருக்க மாட்டார்.

மாற்று வைக்கும்போது, பழையது செய்த வேலையைப் புதியதும் கொஞ்சமாவது செய்ய வேண்டும். புகைக்க வெளியே போகிறவருக்குப் புகையோடு சேர்த்து ஐந்து நிமிட விடுதலையும் இரண்டு பேர் பேச்சுத்துணையும் கிடைக்கிறது. புகையை விட்டவர், வெளியே போவதையும் சேர்த்து விட்டுவிட்டால் ஒன்றுக்கு மூன்றாக இழக்கிறார். அந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொள்ளட்டும், வேறு வாசல் வழியாகப் போகட்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் சறுக்கிவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. லாலியின் அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஆபத்து அடுத்த மணிநேரத்தில் இருக்கிறது. 'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்று ஒரு குரல் கேட்குமே, அதுதான். மது, புகை விட்டவர்களிடம் இதை ஆராய்ந்த ஆலன் மார்லட், ஒரு சின்னச் சறுக்கலைப் பெரிய வீழ்ச்சியாக்குவது இந்த நினைப்புதான் என்று விளக்கினார். சறுக்கியதற்குக் காரணம் 'நான் இப்படிப்பட்டவன்' என்று எடுத்துக்கொள்கிறவர் அப்படியே படுத்துவிடுகிறார். 'அந்த இடம் வழுக்கல்' என்று பார்க்கிறவர் எழுந்துகொள்கிறார். உண்மையில் சாணுக்கும் முழத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மாதக்கணக்கில் விட்டிருந்த பழக்கம் திடீரென்று திரும்பி வருகிறதே?

வரும். பழைய தடம் அழிவதில்லை. அதன் மேல் புதுத் தடம் ஒன்று போடப்படுகிறது, அவ்வளவே. மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறப் பழக்கிய நாய்களிடம் பாவ்லோவ் இதைக் கண்டார். மணியை மட்டும் அடித்து உணவு கொடுக்காமல் விட்டால் எச்சில் நின்றுபோகும். சில காலம் கழித்து மறுபடி அடித்தால் மறுபடி ஊறும். தூக்கம் கெட்ட வாரம், வீட்டில் துக்கம், பழைய நண்பர்களோடு பழைய இடம், இவைதான் அந்த மணி. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பயம் குறையும்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாமா?

தாராளமாக. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம் ஆகியவற்றில் உடற்பயிற்சிக்கூடம் போகிறவர் எண்ணிக்கை கூடுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. கணக்குப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பின மாதிரி ஒரு உற்சாகம். ஆனால் நாட்காட்டி தொடங்கத்தான் உதவும், தொடர உதவாது.

அதைவிட நல்ல நாள், வாழ்க்கையே கலைந்து கிடக்கிற நாள். வீடு மாறும்போது, வேலை மாறும்போது, குழந்தை பிறக்கும்போது பழைய தூண்டுதல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்து தொங்கும். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். பல நிலையங்கள் மூடியிருந்ததால் தினமும் ஒரே வழியில் போகிறவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பிற்பாடு பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் புது வழியிலேயே தொடர்ந்தார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு அதுதான் வசதியான வழியாக இருந்திருக்கிறது. அதற்கு முன் தேடிப்பார்க்கத் தோன்றவே இல்லை.

எனவே வீடு மாறுகிறீர்கள் என்றால், எந்த மேசை எங்கே என்று யோசிக்கும்போதே எந்தப் பழக்கம் எங்கே என்றும் யோசித்துவிடுங்கள். பெட்டிகளைப் பிரித்து அடுக்கிய பிறகு அந்த ஜன்னல் மூடிவிடும்.

வயதாகிவிட்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பழமொழி சொன்னவர் மரத்தைப் பார்த்துச் சொன்னார். மூளை மரம் இல்லை. 2008இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், ஏறத்தாழ 60 வயதுக்காரர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டவர்களின் மூளைப் படங்களில் மாற்றம் தெரிந்தது. இளைஞர்களைப் போல எல்லோராலும் நன்றாகப் பிடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. மெதுவாக வளையும், ஆனால் வளையும்.

நான் மாறத் தயார். வீட்டிலும் வேலையிடத்திலும் மற்றவர்கள் அசைய மாட்டேன் என்கிறார்களே?

ஒரு நாடே அசைய மாட்டேன் என்ற கதை இருக்கிறது. சுவீடனில் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அண்டை நாடுகளில் எல்லாம் வலப்பக்கம். இதில் வேடிக்கை, சுவீடனில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. முன்னால் போகிற வண்டியை முந்த எட்டிப்பார்த்தால் எதிரே வருவது தெரியாது. இவ்வளவு தெளிவான அசௌகரியம் இருந்தும், 1955இல் வாக்கெடுப்பு நடத்தியபோது ஏறத்தாழ 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். பழகிய செருப்பு!

1963இல் நாடாளுமன்றம் மாற்றியே தீருவது என்று முடிவு செய்தது. முடிவுக்கும் மாற்றத்துக்கும் இடையே நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்கள். நாடு முழுக்கச் சாலைக் குறிகளைத் தயார் செய்து மூடிவைத்தார்கள். மாற்றத்தின் சின்னத்தை அன்றாடப் பொருள்களில் எல்லாம் அச்சடித்தார்கள். 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. சாலையில் இருந்த கொஞ்ச வண்டிகளும் 4.50 மணிக்கு நின்றன. மெதுவாக மறுபக்கத்துக்கு மாறின, மறுபடியும் நின்றன. சரியாக 5 மணிக்குப் புறப்பட்டன.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. விபத்துகள் கூடும் என்று பயந்தார்கள். குறைந்தன. புதுப் பக்கம் பழகாததால் எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். இரண்டு வருடத்துக்குள் பழகிவிட்டது, விபத்துகளும் பழைய அளவுக்கு வந்துவிட்டன. மாற்றத்தின் முதல் நாள்களில் வருகிற அந்தத் தடுமாற்றத்தை நாம் கோளாறு என்று நினைக்கிறோம். அது விழிப்பு.

உங்கள் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது நிறைய. தேதி சொல்லுங்கள், 'இனிமேல்' என்று இழுக்காதீர்கள். எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டியதைப் பாதிப் பேர் பழைய முறை, பாதிப் பேர் புது முறை என்று ஓடவிட்டால் மோதல்தான். அதோடு, வேண்டாம் என்கிறவரிடம் 'உங்களுக்கு இதில் என்ன போய்விடும்' என்று கேட்டுப் பாருங்கள், குற்றம்சாட்டும் தொனி இல்லாமல். பல வருடம் கையெழுத்துப் பதிவேட்டை வைத்திருந்தவருக்குக் கணினிமேல் கோபம் கிடையாது. எல்லோரும் சந்தேகம் கேட்க அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள், இனி வர மாட்டார்கள். அந்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் அவர் கடைசி வரிசையில்தான் உட்காருவார்.

பழைய பழக்கம் எல்லாவற்றையும் விட்டாக வேண்டுமா?

எதற்கு? மாற்றம் என்பதே ஒரு புண்ணியம் என்கிற மாதிரிப் பேசுவது இப்போது அதிகமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தட்டச்சு விசைகளின் இன்றைய ஆங்கில வரிசை 1870களில் வந்த இயந்திரங்களோடு பரவியது. 1936இல் ஆகஸ்ட் டிவோரக் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார், அதுதான் மேல் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் உலகம் பழைய வரிசையிலேயே தட்டிக்கொண்டிருக்கிறது, பெரிய குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. பழையது ஓரளவு வேலை செய்கிறது, மாறுவதற்கு ஆகும் பாடு பெரிது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் பார்ப்பது ஒன்றே. இன்று புதிதாக யாராவது இதை எனக்குக் கொடுத்தால் வாங்குவேனா? வாங்குவேன் என்றால் அது என் பழக்கம். மாட்டேன் என்றால் நான்தான் அதனுடையவன்.

விட்டுவிட்டேன். சந்தோஷமாக இருப்பதற்குப் பதில் வெறுமையாக இருக்கிறதே?

அது இயல்பு. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் கோளாறு. கெட்ட பழக்கம்கூட நம்மோடு பல வருடம் உட்கார்ந்திருந்த ஒன்று. அது போன பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மாலை ஏழிலிருந்து எட்டுவரை திடீரென்று ஒரு முழு மணிநேரம் சும்மா நிற்கும்.

அந்த நேரத்தை உடனே ஏதாவது பயனுள்ள காரியத்தால் அடைத்துவிட வேண்டும் என்று துடிக்காதீர்கள். ராத்திரி நேரத்தில் வீடியோ விளையாட்டுகளில் பல வருடம் விழித்துக் கிடந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: விட்ட முதல் வாரம் பால்கனியில் சும்மா உட்கார்ந்து எதிர்வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை எண்ணிக்கொண்டிருந்தாராம். இரண்டாவது வாரம் தூக்கம் வர ஆரம்பித்தது. மூன்று நான்கு வாரம் தாண்டியும் வெறுமை குறையாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் அதை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம்.

எதைத் தனியாக முயலக்கூடாது?

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் ஒரே நாளில் மதுவைத் தானாக நிறுத்தக்கூடாது. உடல் அதற்குப் பழகியிருப்பதால் வலிப்பு, புத்தி பேதலிப்பு வரை போகலாம், உயிருக்கும் ஆபத்து. நீண்ட நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரைக்கும் பதற்றத்துக்கான மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். புகையை நிறுத்துவதில் அந்த அபாயம் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும், சில வாரங்களில் தணியும். நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை உதவுகின்றன, வெட்கப்பட எதுவும் இல்லை.

புதிய பழக்கம் நிலைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

தெரியாது, அதுதான் அடையாளம். அந்தக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் என் தலை சரியான சுவருக்குத் திரும்பத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், 'இந்தச் சுவரில் ஏன் வெறும் ஆணி இருக்கிறது?' என்று கேட்டார். எந்த ஆணி என்று நான் தேடினேன். காட்டிய பிறகுதான் தெரிந்தது. பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன், இன்னும் பிடுங்கவில்லை.